கோடையில் என்ன கிழித்துவிடப் போகிறார்கள்?

மருத்துவக் கல்லூரி ஆசிரியர் அறைகளிலும் மருத்துவர் சங்கக் கூட்டம் முடிந்த சாப்பாட்டு மேசைகளிலும் ஒரே கருத்து திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. சில சமயம் நிதி ஒதுக்கும் அதிகாரிகளும் அதையே சொல்கிறார்கள். எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளைகளுக்கு விடுமுறையில் இதய ஆராய்ச்சிப் பயிற்சி, அதற்கு அரசுப் பணத்தில் உதவித்தொகை என்பதெல்லாம் வெட்டிச் செலவு. இரண்டு மாதத்தில் இவர்கள் என்ன கிழித்துவிடப் போகிறார்கள்? சான்றிதழுக்காக வருகிறார்கள், வாங்கியதும் போய்விடுகிறார்கள். நாட்டுக்கு வேண்டியது வைத்தியம் பார்க்கிற டாக்டர். ஆராய்ச்சி பண்ணுகிறவரை வைத்து என்ன செய்வது? அந்தப் பணத்தில், இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் மாவட்டத்துக்கு இன்னொன்று திறக்கலாம். நிஜமாகவே ஆர்வம் இருக்கிற பையன் காசு கொடுக்காவிட்டாலும் செய்வான்.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மருத்துவர்கள். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால் எழுந்து ஓடுகிறவர்கள். அதனாலேயே இந்தப் பேச்சுக்கு மதிப்பு கூடுகிறது, யாரும் எதிர்த்துப் பேசுவதுமில்லை. நான் எதிர்க்கிறேன்.

எந்தச் செலவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் இளநிலை மருத்துவ மாணவர்களுக்கென ஒரு குறுகிய கால உதவித்தொகைத் திட்டம் நடத்திவருகிறது. எஸ்.டி.எஸ். என்றால் கல்லூரிகளில் எல்லோருக்கும் தெரியும். மாணவர் ஒரு வழிகாட்டியைப் பிடித்து, ஆய்வுத் திட்டம் ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் இரண்டு மாத வேலை, பிறகு அறிக்கை. இது எல்லாத் துறைக்கும் பொதுவானது. இதயத்தைத் தொட நினைக்கிறவர் மற்ற எல்லோருடனும் போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும். பல ஆண்டுகள் மாதம் 10,000 வீதம் மொத்தம் 20,000 ரூபாய் கொடுத்தார்கள். பின்னால் அது 50,000 ஆனது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு, அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்டின் விலைக்கு உச்சவரம்பு கட்டியபோது, மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு 29,600 ரூபாய் என்று நிர்ணயித்தது. அப்போது ஒரு மாணவரின் இரண்டு மாத ஆராய்ச்சிக்கு நாடு கொடுத்தது ஒரு ஸ்டென்டின் விலையைக் காட்டிலும் 9,600 ரூபாய் குறைவு. ஊதாரித்தனம் என்று இவர்கள் குறைப்பட்டுக்கொள்வது இந்தத் தொகையைத்தான்.

திட்டத்தின் ஆதரவாளர்கள் மீதும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ‘இரண்டு மாதத்தில் என்ன கண்டுபிடிக்க முடியும்’ என்று யாராவது கேட்டால் உடனே இரண்டு கதைகளை எடுத்துவிடுவார்கள். இரண்டும் உண்மைக் கதைகள், அழகான கதைகளும்கூட.

1906ஆம் ஆண்டுக் கோடை. உடற்கூறியல் அறிஞர் ஆர்தர் கீத் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், பிரெட்கர் என்ற சிற்றூரில் ஒரு வீடெடுத்துத் தங்கியிருந்தார். மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் அவரிடம் விடுமுறை வேலைக்கு வந்தார். விலங்குகளின் இதயங்களை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வேலை. ஒரு நாள் கீத்தும் அவர் மனைவியும் செர்ரித் தோட்டங்கள் பக்கம் சைக்கிளில் போய்விட்டு மாலையில் திரும்பியபோது, ஃபிளாக் பரபரப்பாகக் காத்துக்கொண்டிருந்தார். அகழெலி ஒன்றின் இதயத்தில், பெருஞ்சிரை வலது மேலறையோடு சேரும் இடத்தில், வேறெங்கும் காணாத ஒரு திசுவைப் பார்த்துவிட்டிருந்தார். 1907இல் இருவரும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள். நம் ஒவ்வொரு இதயத் துடிப்பும் அங்கேதான் தொடங்குகிறது என்பதை 1910 வாக்கில் தாமஸ் லூயிஸ் மின்பதிவு கொண்டு நிறுவினார். சைனஸ் முடிச்சு என்று இன்று முதலாண்டுப் பாடத்தில் மனப்பாடம் செய்யும் விஷயம், விடுமுறைக்கு வந்த ஒரு மாணவரின் கண்ணில் பட்டது.

அடுத்த கதை 1916, பால்டிமோர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ். ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவரிடம், ரத்தத்தை உறையவைக்கும் பொருளைப் பிரித்தெடுக்கச் சொன்னார் பேராசிரியர் வில்லியம் ஹவல். ஈரலிலிருந்து எடுத்த ஒரு சாறு நேர்மாறாக, ரத்தத்தை உறையவிடாமல் வைத்தது. ஹவல் நம்பவில்லை. ஒரு குவளைப் பூனை ரத்தத்தில் அந்தச் சாற்றைக் கலந்து பேராசிரியரின் மேசைமேல் வைத்து, உறையும்போது தன்னைக் கூப்பிடும்படி மாணவர் சொல்லிவிட்டுப் போனாராம். அது உறையவே இல்லை. ஹெப்பாரினின் கதை அங்கே தொடங்கியது. அவர் பிரித்ததும் இன்றைய ஹெப்பாரினும் ஒரே பொருள்தானா என்ற வழக்கு வரலாற்றாசிரியர்களிடம் இன்னும் தீரவில்லை. ஆனால் ஹெப்பாரின் இல்லாமல் பைபாஸ் அறுவை கிடையாது என்பதில் வழக்கே இல்லை.

இந்தக் கதைகளைக் காட்டி உதவித்தொகைக்கு வாதாடுவது தோற்கிற வாதம். நூறாண்டுகளில் எத்தனை ஃபிளாக், எத்தனை மக்லீன் என்று எதிராளி திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. கண்டுபிடிப்புதான் அளவுகோல் என்று நாமே ஒத்துக்கொண்டுவிட்டோமே. அப்புறம் திருச்சியிலோ திருநெல்வேலியிலோ எழுபது நோயாளிகளின் ஈ.சி.ஜி.யை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்த மாணவியின் வேலை, அந்த அளவுகோலில் பூஜ்ஜியமாகத்தான் தெரியும். அளவுகோலே தவறு. நாட்டின் அறிவுக் களஞ்சியத்தில் அவர் எவ்வளவு சேர்த்தார் என்று கேட்கக் கூடாது. அவருக்குள் என்ன சேர்ந்தது என்று கேட்க வேண்டும்.

என்ன சேரும் என்பதற்கு இதயவியலிலிருந்தே ஓர் உதாரணம். 1988இல் லான்செட் இதழில் ஐசிஸ்-2 என்ற ஆய்வு வெளியானது. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 நோயாளிகள். ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தாலே முதல் ஐந்து வாரத்தில் இதய, ரத்தநாள நோய்களால் வரும் சாவு 23 சதவீதம் குறைந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்த்துக் கொடுத்தால் 42 சதவீதம். சில காசுக்கு விற்கும் மாத்திரை ஒன்று உயிர் காக்கிறது என்று உலகம் அசைக்க முடியாதபடி தெரிந்துகொண்ட இடம் அது. ஆனால் இதழாசிரியர்களுக்கு ஓர் ஆசை: ஆண், பெண், முதியவர், இளையவர் என்று கூறுபோட்டு யாருக்கெல்லாம் பலன் என்று காட்டச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் இணங்கினார்கள், கூடவே ஒரு குறும்பையும் சேர்த்தார்கள். நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரினால் பலனில்லை, சற்றுக் கெடுதல்கூட. மற்ற ராசிகளுக்கு அமோகப் பலன்! (நம்மூரில் இதை மேடையில் சொன்னால் நாலு பேர் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்விடுவார்களோ என்று எனக்குப் பயம்.) எண்களைப் போதுமான அளவு கூறுபோட்டால் எந்தப் பொய்யையும் அவற்றின் வாயிலிருந்து வரவழைக்கலாம் என்பதை நிரூபிப்பதுதான் அவர்கள் நோக்கம்.

இதை வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லலாம். மாணவர்கள் சிரிப்பார்கள், மறந்துவிடுவார்கள். மாறாக, தானே வார்டு வார்டாக அலைந்து சேர்த்த எழுபது கேஸ் ஷீட்டுகளை ஒருவர் எக்செல்லில் ஏற்றி, ‘புகைபிடிப்பவர்களுக்கு இப்படி, பிடிக்காதவர்களுக்கு அப்படி’ என்று பிரித்துப் பார்த்து, ஒரு ‘கண்டுபிடிப்பு’ வந்துவிட்டதாகத் துள்ளிக் குதித்து, வழிகாட்டி அதை இரண்டு கேள்வியில் உடைத்துப் போட்டால், அது ஆயுளுக்கும் மறக்காது. அப்புறம் ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வழவழ காகிதத்தில் வரைபடத்தை நீட்டி ‘சார், சர்க்கரை நோயாளிகளில் மட்டும் பார்த்தால் 40 சதவீதம் குறைகிறது’ என்று சொல்லும்போது, அந்த மருத்துவருக்கு மிதுன ராசி ஞாபகம் வரும்.

‘வைத்தியம் பார்க்கிற டாக்டர்தான் வேண்டும்’ என்ற வாதத்துக்கு இப்போது வருகிறேன். நல்ல வைத்தியத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தமில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. இதயவியலில் அப்படி நம்பியதற்குக் கொடுத்த விலை பதிவாகியிருக்கிறது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் இதயத்தில் இடையிடையே ஒழுங்கற்ற துடிப்புகள் வரும். அவை அதிகம் வருபவர்கள் திடீரென்று இறப்பதும் அதிகம். ஆகவே அந்தத் துடிப்புகளை அடக்கும் மருந்து கொடுத்தால் சாவு குறையும். தர்க்கத்தில் குறையே இல்லை. அனுபவமுள்ள, அன்பான, சிறந்த வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தார்கள், ஈ.சி.ஜி.யும் சுத்தமானது. பிறகு கேஸ்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு நடந்தது. 1991இல் வெளியான கணக்கு இது: என்கெய்னைட் அல்லது ஃபிளெக்கெய்னைட் எடுத்துக்கொண்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். துடிப்பை அடக்கிய மருந்து ஆளையே கொன்றது. சோதித்துப் பார்க்காமல் விட்டிருந்தால், நல்ல வைத்தியம் என்ற பெயரிலேயே அது தொடர்ந்திருக்கும்.

ஸ்டென்ட் விஷயத்தை நினைத்துப் பாருங்கள். நிலையாக இருக்கும் நெஞ்சுவலி நோயாளிகளுக்கு, சரியான மருந்துகளோடு ஸ்டென்டும் வைப்பதால் சாவோ மாரடைப்போ குறையவில்லை என்று 2007இல் கரேஜ் ஆய்வு 2,287 நோயாளிகளை வைத்துச் சொன்னது. 2020இல் இஸ்கீமியா ஆய்வு 5,179 பேரை வைத்து ஏறக்குறைய அதையே சொன்னது. மாரடைப்பின் நடுவில் வைக்கும் ஸ்டென்ட் உயிர் காக்கும், அது வேறு கதை. ஆனால் டிரெட்மில் சோதனையில் ஏதோ கோடு சாய்ந்தது என்று பயந்து வந்த ஐம்பது வயதுக்காரருக்கு எதைச் சொல்வது? இரண்டு ஆய்வுகளும் யாரைச் சேர்த்தன, யாரை விலக்கின, வலி எவ்வளவு குறைந்தது, அந்தக் குறைவு எவ்வளவு நாள் நீடித்தது என்பதையெல்லாம் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த மருத்துவரால்தான் அவரோடு நேர்மையாகப் பேச முடியும். படிக்கத் தெரியாதவர் அடுத்த அறையில் உள்ள உபகரணத்தை நம்புவார். ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கும். இந்தப் பேச்சுக்கு நடுவே 50,000 ரூபாய் உதவித்தொகையை வீண் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

‘ஆர்வம் இருந்தால் காசில்லாமலும் செய்வான்’ என்பதுதான் இவற்றுள் எனக்கு அதிகம் கோபம் மூட்டுகிற வாக்கியம். சொல்பவர் வீட்டில் கோடையில் யாரும் சம்பாதித்துப் போட வேண்டிய நிலை இருந்ததில்லை என்று அர்த்தம். மக்லீனையே எடுத்துக்கொள்வோம். 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் குடும்பத்தின் பிழைப்பு அழிந்தது. படிப்புக்கான பணத்தைத் தானே உடலுழைப்பில் சேர்த்துக்கொண்டுதான் பால்டிமோர் போனார். அவரால் முடிந்தது. அவரைப் போலவே புறப்பட்டு, பாதியில் பணம் தீர்ந்து ஊர் திரும்பியவர்களின் பெயர் எந்த வரலாற்றிலும் இருக்காது. வென்ற ஒருவரைக் காட்டி, தோற்றவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவுகட்டுவது, சற்று முன் பார்த்த ராசிக் கணக்கை விட மோசமான கணக்கு.

தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கட்டணத்தை அரசே ஏற்கிறது. தறி ஓட்டுபவர் மகளும் கல்லுடைப்பவர் மகனும் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பத்திரிகைகளில் படம் போட்டுக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். அந்தப் பெண் விடுமுறையில் என்ன செய்வார் என்று யாராவது கேட்டோமா? ஊருக்குப் போவார்; ட்யூஷன் எடுப்பார்; அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டு வேலை அவர் தலையில். அவர் வகுப்புத் தோழர், அப்பா அம்மா இருவரும் மருத்துவர்கள், அப்பாவின் நண்பரின் ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்துவிட்டு ஒரு கட்டுரையில் நான்காவது பெயராக வருவார். பிற்காலத்தில் மேற்படிப்புக்கோ வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது இருவரின் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு எந்தத் தாளில் ‘ஆர்வம்’ தெரியும்?

உதவித்தொகை இருந்தும் இந்த இடைவெளி அடைபடாததற்கு ஒரு காரணம், அதைக் கொடுக்கும் முறை. எஸ்.டி.எஸ். பணம் கைக்கு வருவது வேலை முடிந்து, அறிக்கை அனுப்பி, அது ஏற்கப்பட்ட பிறகுதான். அறிக்கை ஏற்கப்படாவிட்டால் பணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. கோடையில் சாப்பிட வேண்டிய சோற்றுக்குக் குளிர்காலத்தில் காசு தருவது பரிசுத் தொகையாக இருக்கலாம், உதவித்தொகையாக இருக்க முடியாது. காத்திருக்க வசதி உள்ளவர்தான் அந்தப் பரிசுக்குப் போட்டியிட முடியும். திட்டம் வீண் என்று சொல்பவர்கள் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். அவர்கள் ஓட்டையைக் காட்டாமல் பானையையே உடைக்கச் சொல்கிறார்கள்.

‘வருகிற ஆய்வுகளின் தரத்தைப் பாருங்கள்’ என்பார்கள். பார்த்திருக்கிறேன். ‘மாரடைப்பு அறிகுறிகள் பற்றிக் கல்லூரி மாணவர்களின் அறிவும் மனப்பான்மையும்’ என்ற வகை வினாத்தாள் ஆய்வுகள் மலைபோல் வருகின்றன. சக மாணவர்களுக்கு வாட்ஸப்பில் படிவம் அனுப்பினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். சில இடங்களில் திட்டத்தை வழிகாட்டியே எழுதுகிறார். சில இடங்களில் எண்களும் கற்பனையில் பிறக்கின்றன. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஏன் அப்படி? வழிகாட்டும் பேராசிரியர் காலையில் ஓ.பி., மதியம் வகுப்பு, மாலையில் சொந்தக் கிளினிக் என்று ஓடுகிறவர். மாணவருக்கு நேரம் கொடுப்பதால் அவருக்குச் சம்பளம் கூடுவதில்லை, பதவி உயர்வும் வருவதில்லை. எக்கோ கருவி நோயாளிகளுக்கே போதவில்லை. இந்த நிலையில் வினாத்தாள்தான் வரும். விதையும் தண்ணீரும் கொடுக்காமல் விளைச்சல் சரியில்லை என்று நிலத்தைத் தரிசு போடச் சொல்வது என்ன விவசாயம்?

நல்ல கேள்விகளுக்கு நம்மிடம் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53 என்றும் மற்ற நாடுகளில் 58.8 என்றும் இன்டர்ஹார்ட் ஆய்வின் கணக்கு 2007இல் வெளியானது. ஆறு ஆண்டுகள் முந்திக்கொண்டு வருகிறது. அந்த ஆய்வை நடத்தியவர் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்த சலீம் யூசுப். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனவர். (ஐசிஸ் ஆய்வுகளின் தொடக்கத்திலும் அவர் இருந்தார். இளம் வயதில் கையில் வந்த ஓர் உதவித்தொகை என்ன செய்யும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.) ஆனால் இதய ஆபத்தைக் கணக்கிட நம் மாணவர்கள் முதலில் படிப்பது, 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்விலிருந்து பிறந்த அட்டவணையைத்தான்.

தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கியவர்களில் எத்தனை பேர் விழுங்குகிறார்கள், விழுங்கியவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் அடங்கியிருக்கிறது? ஒரு கிராமம், ஒரு ரத்த அழுத்தக் கருவி, இரண்டு மாதம், ஒரு மாணவர் போதும். 2023இல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் முதல் டோஸைக் கொடுத்து அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தது. நெஞ்சுவலி தொடங்கியதற்கும் அந்த மாத்திரைகள் வாயில் போனதற்கும் இடையில் எத்தனை மணி நேரம்? பெண்களுக்கு அந்த நேரம் அதிகமா? வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட சிறுமிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய பென்சிலின் ஊசி எத்தனை முறை தவறுகிறது, ஏன்? இவற்றில் ஒன்றுக்குக்கூட நோபல் பரிசு கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மாவட்டச் சுகாதார அதிகாரி நாளைக் காலையில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று விடையாக வரும்.

இப்படிக் குறித்து, எண்ணிப் பார்த்த ஒருவர் நம் நாட்டிலேயே உண்டு: மகாராஷ்டிரத்தின் மகாட் வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராக இருந்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர். செந்தேள் கொட்டியவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்து இறந்துகொண்டிருந்தார்கள். பாடப் புத்தகம் இதற்குத் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. அவர் படுக்கை அருகிலேயே உட்கார்ந்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டே வந்தார். 1982இல் அவர் கவனித்தவை லான்செட்டில் வெளியாயின. பிறகு பிரசோசின் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். நூற்றுக்கு 40 பேர்வரை இறந்த இடத்தில் சாவு ஒன்றிரண்டாகக் குறைந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தோம். ‘பார்த்தீர்களா, அவருக்கு யார் கோடைக்கால உதவித்தொகை கொடுத்தது?’ என்று எதிராளி கேட்கலாம். சரி. தேள் மகாட்டில் மட்டுமா கொட்டியது? அதே காட்சியைக் கண்ட மற்ற சுகாதார நிலைய மருத்துவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? குறித்து வைக்க வேண்டும், எண்ண வேண்டும், ஒப்பிட வேண்டும் என்ற பழக்கம் அவர்களுக்கு மாணவப் பருவத்திலேயே வாய்த்திருந்தால், ஒருவருக்காக ஊர் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

கேத் லேப் வாதம் மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள். கல்லூரிக்குப் பத்து மாணவர்கள், ஆளுக்கு 50,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம். 2017 உச்சவரம்பு விலையில் அறுநூறு ஸ்டென்டுகள். ஒரு கேத் லேபின் விலை இதைவிட அதிகம். அதை இயக்கும் மருத்துவர், செவிலியர், தொழில்நுட்பர் சம்பளம் தனி. லேப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் நிறைய வேண்டும். ஆனால் கட்டடத்தால் மட்டும் உயிர் பிழைப்பதில்லை என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. மாரடைப்புச் சிகிச்சைக்கான தமிழ்நாடு ஸ்டெமி திட்டத்தில், சிறு மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸோடு இணைத்து, யாரை எங்கே எப்போது அனுப்புவது என்று வரையறுத்தார்கள். 2,420 மாரடைப்பு நோயாளிகளைப் பின்தொடர்ந்து எண்ணினார்கள். ஓராண்டுச் சாவு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாக இறங்கியது. 2017இல் அமெரிக்க இதயவியல் இதழொன்றில் அது வெளியானது. இருக்கிற லேபுக்கு நோயாளியை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பிழைத்த உயிர்கள் அவை. எங்கே நேரம் வீணாகிறது என்று கடிகாரத்தோடு நின்று குறிக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்கு இருபது வயது மாணவரைவிடப் பொருத்தமானவர் யார்?

‘அமெரிக்காவே வெட்டிவிட்டதே’ என்று இப்போது ஒரு புதுக்குரல் கேட்கிறது. அங்கே தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்து மாணவர்களை இரண்டு மூன்று மாதம் ஆராய்ச்சியில் பழக்குவது நெடுங்காலமாக நடந்துவருகிறது. 2025இல் அங்குள்ள தேசியச் சுகாதார நிறுவனங்கள் தங்கள் வளாகத்தில் நடத்தும் கோடைக்காலப் பயிற்சியை ரத்து செய்தன. உண்மைதான். ஆள் எடுப்பதையே நிறுத்திவைத்த அரசு, மாணவர்களையும் சேர்த்து நிறுத்தியது. பயிற்சியை அளந்து பார்த்துப் பயனில்லை என்று கண்டு நிறுத்தவில்லை. அடுத்த வீட்டுக்காரர் கோபத்தில் தன் வீட்டு ஜன்னலை உடைத்தால் நாமும் உடைக்க வேண்டுமா?

வேண்டியவை சில. உதவித்தொகையை மாதாமாதம், வேலை தொடங்கும் நாளிலிருந்து கொடுங்கள். கடைசிப் பங்கை வேண்டுமானால் அறிக்கைக்காக நிறுத்தி வையுங்கள். ஐ.சி.எம்.ஆர். அதைச் செய்யும்வரை மாநில அரசு தன் 36 கல்லூரிகளில் தொடங்கலாம். 1 கோடியே 80 லட்சத்துக்கு மத்திய அரசின் அனுமதி தேவையில்லை. இதய நோய்க்கென்று ஒரு பங்கைத் தனியே ஒதுக்குங்கள். அதில் பாதியை முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு வையுங்கள். விடுதியையும் சாப்பாட்டையும் அந்த இரண்டு மாதமும் மூடாதீர்கள். நேரம் ஒதுக்கி வழிகாட்டும் ஆசிரியருக்குப் பதவி உயர்வில் மதிப்பெண் கொடுங்கள். வாட்ஸப் வினாத்தாள் ஆய்வுகளைத் தயங்காமல் நிராகரியுங்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் இந்தக் கணக்கைச் சுகாதாரத் துறையின் மேசையில் வைக்க வேண்டியவர்கள், இன்று ஆசிரியர் அறைகளில் ‘என்ன கிழித்துவிடப் போகிறார்கள்’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் பேராசிரியர்கள்தான். அவர்கள் வைத்தால் துறை கேட்கும்.